முற்றத்துக்கு எவ்வளவு வெளிச்சம் காணும்?

போன தை மாதம் வட்டக்கச்சியில் அக்காவின் மகளுக்கு முதலாவது பிறந்தநாள். மண்டபம் எடுக்கவில்லை. இவ்வளவு பெரிய முற்றமும் மாமரமும் இருக்கிற வீட்டில் மண்டபத்துக்கு ஏன் காசைக் கொடுப்பான் என்று அப்பா சொல்லிவிட்டார். பின்னேரம் நான்கு மணிபோல சவுண்ட்ஸ்காரப் பெடியள் வந்து இறங்கினார்கள். இரண்டு பெரிய ஸ்பீக்கர், வேலி நீளத்துக்கு நிறம் மாறி மாறி எரிகிற பல்ப் மாலை, முற்றத்தின் நான்கு மூலைக்கும் நான்கு கம்பம், கம்பத்துக்கு ஒன்றாக நான்கு எல்ஈடி போக்கஸ் லைற். ஆறரைக்கு சுவிச்சைப் போட்டார்கள். முற்றம் பகலாகிவிட்டது. "பாருங்கோ, ஊசி விழுந்தாலும் எடுக்கலாம்" என்று அம்மா சந்தோசமாகச் சொன்னா.

கேக் வெட்டி முடிந்து சாப்பாடு தொடங்கின நேரம் அம்மம்மாவைக் காணவில்லை. தேடிப்போனால், தன்ர பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் மாமரத்துக்குப் பின்னால், கிணற்றடிப் பக்கம், மரத்தின் நிழல் விழுந்த இருட்டுக்குள் தனிய இருக்கிறா.

"என்னம்மம்மா, இதில வந்து இருக்கிறியள்?"

"அங்க கண் கூசுது பிள்ளை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னா: "பரா லைற் அடிச்ச மாதிரிக் கிடக்கு."

பரா லைற் என்றால் என்னவென்று இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். இரவில் வானத்துக்கு ஏவுகிற வெளிச்சக் குண்டு அது. சின்னப் பரசூட்டில் தொங்கிக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கும். அது எரிந்து முடியும்வரை கீழே இருக்கிற மரம், வீடு, ஆக்கள் எல்லாம் பட்டப்பகல் மாதிரித் தெரியும். அப்படித் தெரிவதுதான் பயம். 2009இன் முதல் மாதங்களில் எங்கள் சனம் அடுப்பு நெருப்பைக்கூட மறைத்துத்தான் சமைத்தது. குப்பி விளக்கை நூத்துவிட்டு பங்கருக்குள் இருந்தது. அந்த நாட்களில் இருட்டுத்தான் பாதுகாப்பு. மேலே இருந்து வருகிற வெள்ளை வெளிச்சம் ஆபத்து. அம்மம்மாவின் உடம்பு அதை இன்னும் மறக்கவில்லை.

அன்றைக்கு இரவே இதைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைத்தேன். நான் சொல்ல வருவது சின்ன விசயம்தான். எங்கள் முற்றத்துக் கொண்டாட்டங்களுக்கு நாங்கள் பூட்டுகிற வெளிச்சம் அங்கே வந்து இருக்கிற ஆக்களுக்காகப் பூட்டுகிற வெளிச்சம் இல்லை. அது கமராவுக்காகவும், ஒழுங்கையால் போகிற ஆக்கள் பார்ப்பதற்காகவும் பூட்டுகிற வெளிச்சம். அதை வந்து இருக்கிற ஆக்களுக்கான வெளிச்சமாக மாற்றவேண்டும். மாற்றுவது கஷ்டமும் இல்லை, செலவும் இல்லை.

இதைச் சொன்ன உடனே அம்மா கேட்ட கேள்வியை முதலில் எழுதிவிடுகிறேன். "நாங்கள் இருட்டுக்க இருந்தது காணாதே? இப்பதான் கொஞ்சம் வெளிச்சத்தைக் காணுறம். அதையும் நூக்கச் சொல்லுறியே?"

அம்மாவின் கேள்வி நியாயமானது. அம்மா வளர்ந்த வன்னியில் கரண்ட் இல்லை. 1980களின் சண்டையோடு வடக்குக்கு வந்த உயர் அழுத்த மின்கம்பிகள் அழிந்துபோயின. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். அந்தக் காலத்துச் சனம் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்து, பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, ஒரு நூல் திரியைக் கொழுத்திப் படித்தது. அதற்குச் சிக்கன விளக்கு என்று பெயர். சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். போர் முடிந்த பிறகுதான் வவுனியாவில் இருந்து கிளிநொச்சிக்கும், கிளிநொச்சியில் இருந்து சுன்னாகத்துக்கும் பெரிய கம்பிகள் திரும்ப இழுக்கப்பட்டன. வீடு வீடாகக் கரண்ட் வர இன்னும் சில வருடங்கள் எடுத்தது. ஆகவே எங்கள் ஊரில் ஒரு வீட்டு முற்றம் ஜெகஜோதியாக எரிகிறது என்றால், அது வெறும் படம் காட்டுவது இல்லை. "நாங்களும் எழும்பிவிட்டோம்" என்று ஊருக்குச் சொல்வது. அம்மாவுக்கு அந்த நான்கு போக்கஸும் அதைத்தான் சொன்னது.

ஒரே வீட்டில் ஒரே வெளிச்சம். அம்மாவுக்கு அது மரியாதை, அம்மம்மாவுக்குப் பரா லைற். இரண்டு பேருமே ஒரே போரைக் கடந்து வந்தவர்கள். இதில் ஒருவரைச் சரி என்றும் மற்றவரைப் பிழை என்றும் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அம்மாவுக்கு வேண்டியதைக் கொடுத்துக்கொண்டே அம்மம்மாவையும் முற்றத்தின் நடுவில் இருத்தி வைக்க ஏலும் என்று நம்புகிறேன். அதற்கு வெளிச்சம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விளங்கவேண்டும்.

முதலில் அளவு. பழைய 60 வோட்ஸ் குண்டு பல்ப் ஏறக்குறைய 800 லூமன் வெளிச்சம் தரும். லூமன் என்பது ஒரு விளக்கில் இருந்து மொத்தமாக எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பதற்கான அளவு. இப்போது வாடகைக்கு வருகிற 100 வோட்ஸ் எல்ஈடி போக்கஸ் ஒன்று 8,000 லூமனுக்கு மேல் தரும். அதாவது ஒரு போக்கஸ் பத்துக் குண்டு பல்ப்புக்குச் சமம். நான்கு போக்கஸ் என்றால் நாற்பது பல்ப். முற்றத்தில் நாற்பது குண்டு பல்ப் கட்ட யாராவது முந்தி யோசித்திருப்பார்களா?

கரண்ட் பில்லைக் காரணம் காட்டி நான் இதை எதிர்க்கவில்லை. கணக்குப் பார்த்தேன். நான்கு 100 வோட்ஸ் போக்கஸ் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் 2 யூனிற்றுத்தான். 2022 ஆவணியில் 75 வீதமும் 2023 மாசியில் 66 வீதமும் கட்டணம் கூட்டினபோதுகூட இந்த 2 யூனிற் யாரையும் கடனாளி ஆக்கியிருக்காது. சிக்கலே அதில்தான் இருக்கிறது. முந்தி மண்ணெண்ணெயின் விலை எங்களை அளவோடு வைத்தது. பிறகு ஜெனரேற்றருக்கு டீசல் அடிக்கிற செலவு அளவோடு வைத்தது. இப்போது வெளிச்சம் மலிவு. எங்களைத் தவிர வேறு எதுவும் எங்களை நிற்பாட்டாது.

அடுத்தது நிறம். கடையில் பல்ப் வாங்கும்போது பெட்டியில் 6500கே என்றோ 3000கே என்றோ போட்டிருக்கும். கே என்றால் கெல்வின். மெழுகுதிரி, குத்துவிளக்குச் சுடரெல்லாம் 2000 கெல்வினுக்குக் கிட்ட. பழைய குண்டு பல்ப் 2700. எங்கள் கடைகளில் 'டே லைற்' என்று விற்கிற வெள்ளை பல்ப் 6500, நீலம் தட்டின வெள்ளை. எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். எங்கள் தோலின் நிறத்துக்கு, சேலையின் பட்டுக்கு, சோற்றுக்கும் கறிக்கும் எது வடிவு என்று உங்களுக்கே தெரியும். 6500இல் கோழிக்கறி செத்துப்போன நிறத்தில் கிடக்கும். ஆஸ்பத்திரி வார்ட்டிலும் பொலிஸ் நிலையத்திலும் எரிகிற பல்ப்பை முற்றத்தில் பூட்டிவிட்டு, ஏன் சனம் சாப்பிட்ட உடனே வெளிக்கிடுகிறது என்று யோசிக்கிறோம்.

மூன்றாவது, உயரமும் திசையும். போக்கஸை உயரக் கம்பத்தில் கட்டி முகத்துக்கு நேரே திருப்பி விட்டால், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று கண்ணுக்குள் அடிக்கும். ஒன்றைப் பார்த்துவிட்டு இருட்டைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எங்கள் கண் இருட்டுக்கு நன்றாகப் பழக இருபது முப்பது நிமிசம் எடுக்கும். ஒரு போக்கஸை நேரே பார்த்தால் அந்தப் பழக்கம் அந்தக் கணமே போய்விடும். அதனால்தான் போக்கஸ் கட்டின முற்றத்தில் வேலிக்கு அங்கால் இருக்கிற உலகம் முழுக்கக் கறுப்பாகிவிடுகிறது. வெளிச்சம் கூடக் கூட, சுத்திவர இருட்டும் கூடுகிறது. ஒழுங்கையால் சைக்கிளில் வருகிற ஆளுக்கு எங்கள் வீட்டைத் தாண்டினதும் பாதை தெரிவதில்லை.

நான்காவது, நாங்கள் மட்டும் அந்த முற்றத்தில் இல்லை. இரணைமடுத் தண்ணியில் விளைகிற ஊர் எங்களுடையது. தை மாதம் சுத்திவர வயல். போக்கஸ் எரியத் தொடங்கி அரை மணித்தியாலத்தில் வயல்பக்கம் இருந்த சின்னப் பச்சைப் பூச்சி முழுக்க எங்கள் முற்றத்தில். புரியாணிக்குள்ளும் விழுந்தது, ஐஸ்கிறீமுக்குள்ளும் விழுந்தது. பூச்சிகளுக்கு நீலமும் ஊதாவும் தட்டின வெளிச்சம்தான் கூடத் தெரியும். மஞ்சள் பல்ப்புக்குக் குறையத்தான் வரும். 2024இல் வந்த ஒரு ஆய்வு சொன்னது, பூச்சிகள் விளக்கை விரும்பி வருவதில்லையாம். வானம் இருக்கிற பக்கம் முதுகைத் திருப்பிப் பறப்பது அவற்றின் பழக்கம். விளக்கை வானம் என்று நினைத்து அதற்கு முதுகைத் திருப்பத் திருப்ப, அதையே சுற்றிக்கொண்டு நிற்கின்றன. விருந்துக்கு வந்தவை இல்லை, வழி தவறி மாட்டிக்கொண்டவை. மின்மினிக்கு இன்னும் மோசம். அவை சோடி தேடுவதே தங்கள் வெளிச்சத்தால்தான். முற்றம் பகலானால் ஒன்றுக்கொன்று தெரியாது.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் போக்கஸ் கட்டுகிறோம்? வீடியோவுக்கு. வெளிச்சம் காணாவிட்டால் படம் புள்ளி புள்ளியாக வரும் என்று படம் எடுக்கிறவர்கள் சொல்வார்கள். அது உண்மை. அந்த வீடியோ கனடாவுக்கும் லண்டனுக்கும் சுவிசுக்கும் போகவேண்டும் என்பதும் உண்மை. வரமுடியாத சித்தப்பாவும் பெரியம்மாவும் அதில்தான் பிள்ளையைப் பார்க்கிறார்கள். பல நேரம் செலவைத் தருவதும் அவர்கள்தான். இதை நான் பகிடி பண்ணவில்லை. ஆனால் கேக் வெட்டுவதும் குடும்பப் படம் எடுப்பதும் அரை மணித்தியால வேலை. மிச்ச நாலரை மணித்தியாலமும் வராத ஆக்களுக்காக வந்த ஆக்களின் கண்ணைக் கூச வைப்பது என்ன நியாயம்?

"வெளிநாட்டில பாக்யார்ட் பாட்டியில எவ்வளவு வடிவாக் கட்டுறாங்கள்" என்று எங்கள் வயதுப் பிள்ளைகள் போனில் காட்டுவார்கள். மரத்துக்கு மரம் தொங்குகிற மஞ்சள் பல்ப், கீழே மேசையில் மெழுகுதிரி. அதைப் பார்த்து ஆசைப்படுவதில் பிழை இல்லை. ஆனால் முற்றத்துக்கு வெளிச்சம் வைப்பதை எங்களுக்குப் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. கார்த்திகை விளக்கீட்டை நினைத்துப் பாருங்கள்.

விளக்கீட்டன்று பின்னேரமே அப்பா தடிகளைச் சீவி, பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றி, எண்ணெயில் தோய்த்துப் பந்தம் செய்வார். வாசலில் வாழைக்குற்றி நட்டு, அதன் தலையில் சிரட்டை வைத்துத் தீபம். படலையடியில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, மாட்டுக்கொட்டிலடியில் ஒன்று, தோட்டத்து மூலைகளில் ஒவ்வொன்று. விறாந்தைக் கட்டில் வரிசையாகச் சிட்டி விளக்கு. எல்லாமே இடுப்புக்குக் கீழே. எல்லாமே மஞ்சள். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இருட்டு. அந்த இருட்டு இருப்பதால்தான் ஒவ்வொரு விளக்கும் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த ஒரு இரவில்தான் எங்கள் வளவு எவ்வளவு பெரிது, கிணறு எங்கே, கொட்டில் எங்கே என்று சின்ன வயதில் எனக்கு விளங்கியது. போக்கஸ் முற்றத்தை ஒரே தட்டையாக்குகிறது. விளக்கீடு முற்றத்துக்கு ஆழம் கொடுக்கிறது. முற்றத்தைக் கொண்டாட்டத்துக்கு ஆயத்தப்படுத்துகிற பாடம் முழுக்க அதில் இருக்கிறது: தாழ்வாக வை, இடத்துக்கு இடம் வை, நடுவில் இருட்டை விடு.

எங்கள் ஊரில் விளக்குக்கு வேறு கனமும் உண்டு. விளக்கீடு சில வருடங்களில் நவம்பர் 27க்குப் பக்கத்தில் வரும். 2020இல் நவம்பர் 29. அந்தக் கிழமை முற்றத்தில் ஒரு சிட்டியைக் கொழுத்தவே யோசித்த வீடுகள் இருக்கின்றன. எதற்காக ஏற்றுகிறாய் என்ற கேள்வி வாசலுக்கு வரக்கூடும். பொது இடத்தில் அழுவதற்கு ஏற்றுகிற விளக்குக்கே கணக்குச் சொல்லவேண்டி இருந்த சனம், சிரிப்பதற்கு ஏற்றுகிற வெளிச்சத்தை மட்டும் யோசிக்காமல் வாடகைக்கு எடுப்பது எனக்கு ஒத்துவரவில்லை.

முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்தை விடிய விடியப் பார்த்த கிழவர்களோடு கதைத்தால் பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். வெளிச்சம் களரிக்கு, பார்க்கிற சனம் இருட்டுக்குள். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு முன்னால் கடல் தண்ணியில் விளக்கு எரிக்கிற மரபு எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு சனமும் தேடிப் பார்ப்பது ஒரு சின்னச் சுடரை. எந்த இடத்தில் கண் நிற்கவேண்டும் என்று வெளிச்சம் சொல்லவேண்டும். எல்லா இடமும் ஒரே மாதிரி எரிந்தால் கண்ணுக்கு நிற்க இடமில்லை, மனதுக்கும் இல்லை.

யப்பானிய எழுத்தாளர் தனிசாக்கி 1933இல் நிழலைப் புகழ்ந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். மின்சாரம் வந்து பழைய வீடுகளின் மங்கல் அழகைக் கெடுத்துவிட்டது என்பது அவர் கவலை. எனக்கு அந்தக் கட்டுரை பிடிக்கும். ஆனால் அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கிளிநொச்சியில் வைக்க ஏலாது. எங்கள் இருட்டு அழகுக்காக வைத்திருந்த இருட்டு இல்லை, எங்கள் மேல் போடப்பட்ட இருட்டு. போத்தல் விளக்கை அலங்காரப் பொருளாக மேசையில் வைத்துப் படம் எடுக்கிறபோது அதில் கண் கெட்டுப் படித்த அம்மாவுக்கு என்ன தோன்றும் என்று யோசிக்கவேண்டும். நான் கேட்பது அந்த இருட்டுக்குத் திரும்பிப் போவதை இல்லை. சுவிச் எங்கள் கையில் இருக்கும்போது, எவ்வளவு போதும் என்று நாங்களே முடிவெடுப்பதை.

2022 எனக்கு இதைக் கொஞ்சம் காட்டியது. பங்குனி கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நிற்பாட்டினார்கள். சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த நாங்கள் போன் ரோச்சில் படித்தோம், சாச் போனதும் பேசினோம். அதில் புனிதம் ஒன்றும் இல்லை. வேர்வையும் நுளம்பும்தான். ஆனால் வீட்டுக்குள் இருக்க ஏலாமல் பாயைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டபோது, நடுவில் ஒரு அரிக்கன் லாம்பு. சுத்திவர ஏழெட்டுப் பேர். அம்மம்மா தான் கலியாணம் கட்டி வட்டக்கச்சிக்கு வந்த கதையை அந்த லாம்படியில்தான் முதல்தரம் சொன்னா. பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் எட்டிக் கதைத்துவிட்டுப் பிறகு வந்து பாயிலேயே இருந்துவிட்டா. முகம் பாதி தெரிந்து பாதி தெரியாத வெளிச்சத்தில் ஆக்கள் கூடக் கதைக்கிறார்கள். நான்கு போக்கஸுக்குக் கீழே ஆக்கள் ஒழுங்காக இருந்து படத்துக்குச் சிரிக்கிறார்கள்.

மறுப்பு ஒன்றுக்குப் பதில் சொல்லவேண்டும். "இருட்டு விட்டால் பாம்பு பூச்சி கடிக்கும், குடித்துவிட்டு ஆரும் வந்து நிப்பான், பொம்பிளைப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லை." இது சும்மா தட்டிவிடுகிற கேள்வி இல்லை. பெண்பிள்ளையாக நானும் மலசலகூடத்துக்குப் போகிற பாதை இருட்டாகக் கிடந்தால் போகப் பயப்படுவேன். ஆனால் அன்றைக்கு நடந்ததைப் பாருங்கள். நாற்பது பல்ப் வெளிச்சம் முற்றத்தில் எரிந்தது, கிணற்றடியும் மலசலகூடப் பாதையும் கும்மிருட்டு. கமரா அந்தப் பக்கம் போகாது, ஆகவே வெளிச்சமும் போகவில்லை. பாதுகாப்புக்கு வெளிச்சம் என்றால், முதல் பல்ப் அந்தப் பாதைக்குத்தான் கட்டப்படவேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? நான் மின்சார வேலை தெரிந்தவள் இல்லை. இரண்டு மூன்று தரம் செய்து பார்த்ததில் சரிவந்ததைச் சொல்கிறேன்.

சமைக்கிற கொட்டிலுக்கும் சாப்பாடு போடுகிற மேசைக்கும் நல்ல வெளிச்சம் வேண்டும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். படி, கிணற்றடி, மலசலகூடப் பாதை, படலையடி, மோட்டார் சைக்கிள் விடுகிற இடம், இவற்றுக்கு ஒவ்வொரு மஞ்சள் பல்ப், தாழ்வாக. போக்கஸ் வாடகைக்கு வந்தே தீரும் என்றால் நான்கை ஒன்றாகக் குறையுங்கள். அந்த ஒன்றையும் ஆக்களின் முகத்துக்குத் திருப்பாமல் வீட்டின் வெள்ளைச் சுவருக்குத் திருப்புங்கள், அல்லது மாமரத்தின் அடியில் வைத்து மேலே திருப்புங்கள். சுவரிலும் இலையிலும் பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சம் கண்ணைக் குத்தாது. நிறம் மாறி மாறி மின்னுகிற மாலைக்குப் பதில் ஒரே நிறத்தில் நின்று எரிகிற மாலை போதும். மின்னுவது கோயில் வாசலுக்கு வடிவு, சாப்பிடுகிற இடத்தில் தலையிடி. பல்ப் வாங்கும்போது 3000கே அல்லது அதற்குக் குறைய என்று கேட்டு வாங்குங்கள். விறாந்தைக் கட்டிலும் வாசலிலும் சிட்டி விளக்கு வைக்க எங்கள் எல்லோர் வீட்டிலும் சிட்டி இருக்கிறது, விளக்கீடு முடிந்ததும் பெட்டிக்குள் போகிறது. அதை வெளியே எடுங்கள். காற்று அடித்தால் சிரட்டைக்குள் வையுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கும் சேலைத் தலைப்புக்கும் எட்டாமல்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுப்பு வேண்டாம். வயர். மழை பெய்த மண்ணில், ரேப் சுற்றின மூட்டுகளோடு வயரை நிலத்தில் இழுத்து விடுவதை எல்லா வீட்டிலும் பார்க்கிறேன். வயரை உயரத்தில் கொண்டுபோகவேண்டும், மூட்டு நிலத்தில் கிடக்கக்கூடாது, எடுக்கிற கரண்ட் ட்ரிப் சுவிச் உள்ள வழியால்தான் வரவேண்டும். அந்த ட்ரிப் சுவிச்சின் ரெஸ்ற் பட்டனை அமத்தி விழுகிறதா என்று முதலே பார்த்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற முற்றம் அது.

ஆவணியில் கனடாவில் இருந்து சித்தப்பா குடும்பத்தோடு வந்து நின்றபோது முற்றத்தில் ஒரு இரவுச் சாப்பாடு வைத்தோம். வெளிச்சத்தை என் பொறுப்பில் விடச்சொல்லிக் கேட்டேன். அம்மா அரை மனதோடு ஒத்துக்கொண்டா, ஒரு நிபந்தனையோடு: குடும்பப் படம் எடுக்கும்வரை ஒரு போக்கஸ் எரியவேண்டும். சரி என்றேன். படம் எடுத்தோம், அம்மா படத்தைப் பெருப்பித்துப் பார்த்து எல்லோர் முகமும் வடிவாகத் தெரிகிறது என்று சொன்ன பிறகு நூத்தேன். முதல் ஐந்து நிமிசம் எல்லோரும் "என்ன இருட்டாக்கிடக்கு" என்றார்கள். பிறகு கண் பழகிவிட்டது. மஞ்சள் மாலையும் சிட்டி விளக்குகளும் கொட்டில் பல்ப்பும் போதுமாக இருந்தது. சித்தப்பாவின் பிள்ளைகள் வேலியில் மின்மினி ஒன்றைக் கண்டுபிடித்துக் கத்தினார்கள்.

அம்மம்மா அன்றைக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. மேசையடியிலேயே இருந்தா. பத்தரை மணிபோல மாலையைக் காட்டி, "இனி அதையும் நூர் பிள்ளை, நிலவு வந்திட்டுது" என்று சொன்னா. அம்மா என்னைப் பார்த்தா. "படலையடி லைற் எரியட்டும்" என்று மட்டும் சொன்னா.

இரண்டு பேர் சொன்னதையும் செய்தேன். உங்கள் வீட்டில் அடுத்த பிறந்தநாளுக்கோ சாமத்தியவீட்டுக்கோ சவுண்ட்ஸ்காரர் கம்பம் நட முதல், வீட்டில் இருக்கிற வயது போன ஆளிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள், எங்கே இருக்க விருப்பம் என்று. அந்தக் கதிரையை முதலில் வையுங்கள். வெளிச்சத்தை அதற்குப் பிறகு கட்டலாம்.